அண்ணன் கையில் என் பெயர்

அனுப்புநர்
ச. உலகம்மாள்,
பதினோராம் வகுப்பு,
த/பெ. சங்கரநாராயணன் (வண்டிக்காரர்),
மேலகரம், தென்காசி வட்டம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்
ஆள்சேர்ப்பு அதிகாரி அவர்கள்,
தரைப்படை ஆளெடுப்பு முகாம்,
பாளையங்கோட்டை.

பொருள்: வலது கையில் வெளியே தெரியும்படி பச்சை குத்தியிருப்பதால் நிறுத்தி வைக்கப்பட்டுள்ள ச. ஆவுடையப்பன் (வயது 18) என்பவரை அந்தப் பச்சையோடு ஏற்றுக்கொள்ள வேண்டுவதும், அது அப்படி அமையக் காரணமானவர் மீது புகாரும்.

பார்வை: 2.8.1963 அன்று தங்கள் முகாமில் மேற்படியாருக்குக் கொடுத்த சீட்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இதற்கு முன் எந்த அதிகாரிக்கும் எழுதியதில்லை. எங்கள் தமிழ்ப் பாடத்தில் தெருவிளக்கு வேண்டிப் பஞ்சாயத்துத் தலைவருக்கு எழுதும் மனு ஒன்று உண்டு. அந்த முறைப்படி எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு விளக்கைச் சிறிதாக வைத்துக்கொண்டு எழுதுவதாலும், என் வலது கையில் இரண்டு விரல்கள் வீங்கியிருப்பதாலும் எழுத்து கோணலாக இருக்கும். விரல் வீங்கிய காரணம் ஐந்தாம் பத்தியில் வருகிறது. அம்மா புரண்டு படுத்தால்கூடப் பேனா நின்றுவிடுகிறது. பிழைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. மேற்படி ஆவுடையப்பன் என் உடன்பிறந்த அண்ணன். சென்ற இரண்டாம் தேதி தங்கள் முகாமில் நடந்த தேர்வில் ஒரு மைல் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தார். எடை, உயரம், கண், காது எல்லாம் சரியாக இருந்தன. மார்பளவு தேவைக்கு மேல் ஒன்றரை அங்குலம் இருந்தது. கடைசியில் டாக்டர் அவர்கள் கையை நீட்டச் சொன்னபோது, முன்கையில் ‘உலகம்மாள்’ என்று பச்சை குத்தியிருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த ஹவில்தார், நம் பக்கத்துக்காரர் போலிருக்கிறது, “ஏலே, கல்யாணம் ஆவலன்னு எழுதியிருக்க. யாருலே இந்த உலகம்மா?” என்று கேட்டார். அண்ணன், “எந் தங்கச்சிங்கய்யா” என்றார். “தங்கச்சி பேர எவம்லே கையில குத்துவான்? அத்த மவ பேருன்னு சொல்லு, நம்புதோம்” என்று ஹவில்தார் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இவற்றை அண்ணனுக்குப் பின்னால் நின்ற அவர் கூட்டாளி தளவாய் என்னிடம் சொன்னார். அந்த ஹவில்தார் மீது எனக்கு வருத்தம் இல்லை. நான் அந்த இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

சட்டைக் கையை மடித்தால் வெளியே தெரியும் இடத்தில் பச்சை இருந்தால் அதிகாரியின் உத்தரவு வேண்டும் என்றும், சாமி உருவமோ சொந்தப் பெயரோ ஆனால் கேள்வியில்லை என்றும், வேறொருவர் பெயரானால் தக்க விளக்கம் தர வேண்டும் என்றும் அங்கே சொன்னார்களாம். இருபதாம் தேதி விளக்கத்தோடு வரும்படி சீட்டு கொடுத்தார்கள். விதி சரியானதே. யார் பெயர் யார் கையில் ஏன் இருக்கிறது என்று கேட்காமல் ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது.

3. விளக்கம் அண்ணனிடம் இருக்கிறது. அவர் சொல்ல மாட்டார். ஆகவே நான் சொல்கிறேன்.

1953-ஆம் வருஷம் சாரல் காலத்தில், அண்ணனுக்கு எட்டு வயது. குற்றாலம் பெரிய அருவிக் கூட்டத்தில் அவர் எங்கள் கையை விட்டுத் தவறிப் போனார். அழுத அழுகையில் பெயரோ ஊரோ சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பழக்கடை யாக்கூப் அண்ணாச்சி அவரைத் தூக்கித் தம் கடைப் பெட்டி மேல் உட்கார வைத்து, மங்குஸ்தான் பழமாக உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் அம்மா போய்ச் சேரும்போது அழுகை நின்றிருந்தது, வாய் நிறையப் பழம் இருந்தது. மறுநாளே அம்மா, “இனி இவன் தொலஞ்சாலும் கை பேசட்டும்” என்று சொல்லி, அருவிக்கரையில் பச்சை குத்தும் அம்மாளை வீட்டுக்கு வரவழைத்தார்கள்.

அந்த அம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேளோ தேரோ கேட்டால் தாமே போடுவார்கள். பெயர் என்றால் வீட்டார் எழுதிக் காட்ட வேண்டும். கோலத்தைப் பார்த்துக் கோலம் போடுவது போல, எழுத்தைப் பார்த்து அப்படியே குத்துவார்கள். என் தாய் தந்தையருக்கும் எழுத்து தெரியாது. அண்ணனோ அம்மா மடியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். நான் முதல் வகுப்பில் இருந்தேன். “ஏட்டி, அண்ணன் பேரச் சிலேட்டுல எழுதிக் குடு” என்று அம்மா சொன்னார்கள்.

ஐயா, எனக்கு அப்போது எழுதத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அது என் பெயர். ஆவுடையப்பன் என்பது எனக்கு மிகவும் நீளமான பெயர். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அன்று காலையில்தான் அம்மா பக்கத்து வீட்டில், “எம் மவ எல்லாம் எழுதுவா” என்று சொல்லியிருந்தார்கள். நான் ‘உலகம்மாள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

4. பாதி குத்தும்போது அண்ணன் கண்ணைத் திறந்தார். கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் மூன்றாம் வகுப்பு, நன்றாக வாசிப்பார். குத்தி முடித்து மஞ்சள் தடவியதும் அம்மா, “சரியா இருக்காலே?” என்று கேட்டதற்கு, “சரியாத்தாம்மா இருக்கு” என்றார். அன்றைக்கு நான் மாட்டுத் தொழுவத்தில் ஒளிந்து அழுதபோது தேடி வந்து, “ஏட்டி, அழாத. நான் ஆருட்டயும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்தார்.

ஒரு வாரத்தில் பள்ளிக்கூடத்து வாத்தியார் வாசித்து, வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. வகுப்பில் முதலாவதாக வரும் பெண் தவறாக எழுதியிருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. பச்சை குத்திய அம்மாள்தான் சிலேட்டைத் திருப்பிப் பிடித்து, மறுபக்கத்தில் இருந்த என் பெயரைப் பார்த்துக் குத்திவிட்டார்கள் என்று முடிவாயிற்று. முதலில் சரி என்று ஏன் சொன்னாய் என்று கேட்டதற்கு அண்ணன், வலியில் கண் தெரியவில்லை என்றார். அது முதல் பத்து வருஷமாக அந்த அம்மாள் எங்கள் தெருவில் நுழைந்தால் அம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார்கள். அந்த அம்மாள், சிலேட்டில் எழுதிக் காட்டியதைத்தான் தாம் போட்டதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

பள்ளியில் அண்ணனுக்கு ‘உலகம்மா’ என்றே பட்டப்பெயர் விழுந்தது. பந்து விளையாடும்போது அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார். பத்து வருஷத்தில் ஒரு நாளும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தங்கள் முகாமிலும் முழுக்கதையைச் சொல்லியிருந்தால் நிறுத்தி வைத்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் வரிசையில் நின்றதால், சொன்னது அம்மா காதுக்கு வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். வீட்டில் வந்து, மார்பளவு அரை அங்குலம் குறைந்துவிட்டது என்று சொன்னார். அன்று முதல் அம்மா அவருக்குத் தினம் மூன்று முட்டை கொடுக்கிறார்கள். அவரும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுகிறார்.

5. இனி அவசரமான விஷயம். நேற்று அண்ணனின் தகரப் பெட்டியில் காக்கி நிக்கருக்கு அடியில் சேங்கொட்டைகள் இருக்கக் கண்டேன். துணி வெளுக்கும் மாடன் அண்ணாச்சி, துணியில் அழியாத குறி போட வைத்திருக்கும் கொட்டை அது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம் கிளம்பி, தோல் உரிந்து, அதோடு பச்சையும் போகும் என்று சொல்வார்கள். மாடன் அண்ணாச்சியிடம் விசாரித்தேன். “வேண்டாம்னுதான் சொன்னேன் தாயி, கேக்க மாட்டுக்கான். தோலு உரிஞ்சா புண்ணு ஆற ஒரு மாசம் ஆவும்” என்றார். இருபதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. பச்சையை அழித்துவிட்டுப் புண்ணோடு வந்து நின்றால், புண் என்று தள்ளிவிடுவீர்கள். ஆறாமல் போனால் அந்தக் கை எதற்குமே உதவாமல் போகலாம்.

நான் கொட்டைகளை எடுத்து வாய்க்காலில் போட்டுவிட்டேன். அவற்றில் ஒன்று கீறி வைத்திருந்தது தெரியாமல் தொட்டதால்தான் என் விரல்கள் இப்படி ஆகியிருக்கின்றன. இரண்டு விரலுக்கே இவ்வளவு எரிச்சல். அவர் ஆறு எழுத்தை அழிக்க வேண்டும். மாடன் அண்ணாச்சி வீட்டிலோ ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கொட்டை இருக்கிறது.

6. நான் சொல்வதற்குச் சாட்சி உண்டு. அந்தச் சிலேட்டு இப்போது எங்கள் வீட்டு உப்புப் பானைக்கு மூடியாக இருக்கிறது. அதன் வலது பக்கக் கீழ்மூலை உடைந்தது. அந்த உடைசலுக்கு இடம் விட்டு எழுதியதால், என் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் ஏணியில் ஏறுவது போல மேலே போயிருக்கும். அண்ணன் கையிலும் அப்படியே ஏறியிருக்கின்றன. அவர் உறங்கும்போது எண்ணெய்த் தாளை வைத்து எடுத்த படியை இத்துடன் இணைத்துள்ளேன். என் இரண்டாம் வகுப்பு நோட்டின் அட்டையையும் இணைத்துள்ளேன். ‘க’வின் வயிறு இரண்டிலும் ஒன்று போலப் பெருத்திருப்பதைக் காணலாம். அத்தை மகள் பெயரை ஆசையாகக் குத்திக்கொள்கிறவர் இவ்வளவு மோசமான கையெழுத்தில் குத்திக்கொள்ள மாட்டார் என்பதைத் தாங்கள் ஒப்புக்கொள்வீர்கள்.

7. குடும்பம் வறுமையில் வாடுகிறது என்று எழுதினால் மனு பலிக்கும் என்று என் தோழி ரெபேக்காள் சொன்னாள். அது பொய்யாகும். இந்த வருஷம் சாரல் தவறாமல் விழுகிறது. பழ லோடு ஏற்றும் அப்பாவின் வண்டிக்கு ஓய்வே இல்லை. இரண்டு வேளை சோறும் ஒரு வேளை கஞ்சியும் குறைவில்லாமல் நடக்கிறது. அண்ணன் போனால் வீட்டில் அழுகை இருக்கும், ஆனால் பட்டினி இருக்காது. போன வருஷம் எல்லையில் சண்டை வந்ததிலிருந்து அவருக்குப் படையில் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணம். விடியுமுன் எழுந்து குற்றாலம் வரை ஓடிவிட்டு, அருவியில் குளித்து, திரும்பவும் ஓடி வருவார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிற ஆள் தங்களுக்கு வேண்டுமானால், அவர் அப்படிப்பட்டவர் என்பதற்குப் பத்து வருஷத்துச் சாட்சி நான்.

8. ஆகவே, இது புகார் மனுவாகையால், குற்றவாளியின் பெயரையும் முறைப்படி எழுதுகிறேன். அவர் பெயர் ச. உலகம்மாள். தண்டனை உண்டானால் அவருக்கே தர வேண்டும். ஆவுடையப்பன் கையில் உள்ள எழுத்தை அடையாளக் குறியாகப் பதிந்துகொண்டு, அதை அழிக்க வேண்டியதில்லை என்று அவருக்கு ஒரு வரி எழுதி, இருபதாம் தேதி அவரை வரச் சொல்ல வேண்டுகிறேன். என் பெயர் அழிந்து போகுமே என்பதற்காகக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அதற்காகவும் கொஞ்சம் கேட்கிறேன்.

பதிலைக் கார்டில் எழுத வேண்டாம், கவரில் அனுப்பவும். எங்கள் தபால்காரர் நமசிவாயம் அண்ணாச்சி நல்லவர். ஆனால் கார்டு வந்தால் வாசலில் நின்று அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போவார்.

அண்ணன் கை புண்ணாகுமுன் தங்கள் கடிதம் வந்து சேரும் என்ற நம்பிக்கையில்,

தங்கள் உண்மையுள்ள,
ச. உலகம்மாள்

இடம்: மேலகரம்
நாள்: 8.8.1963

இணைப்பு: 1. எண்ணெய்த் தாளில் எடுத்த படி. 2. நோட்டு அட்டை.

பின்குறிப்பு (9.8.1963): காலையில் தபாலில் சேர்க்குமுன், தலை பின்னும்போது அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டார்கள். சேங்கொட்டைக் கொப்புளம் என்று கண்டு, எங்கே தொட்டாய் என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா கையில் இருந்த சீப்பைக் கீழே வைத்தார்கள். பிறகு, “பத்து வருசமா அந்தப் பொம்பளய வெரட்டிருக்கேனேட்டி” என்று மட்டும் சொன்னார்கள். பாதிப் பின்னலோடு என்னை விட்டுவிட்டு அருவிக்கரைக்குப் போய், பச்சை குத்தும் அம்மாளைக் கையோடு கூட்டி வந்து சோறு போட்டார்கள். அந்த அம்மாள் முதல் உருண்டையை வாயில் வைக்குமுன், “நான் அப்பமே சொன்னேம்லா தாயி” என்றார்கள். அம்மா, “சொன்ன, சொன்ன. கொளம்ப ஊத்திச் சாப்பிடு” என்றார்கள். இருவரும் சாட்சியாகக் கீழே ரேகை வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாளின் பெயரை இன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்று அண்ணன் இலையில் முட்டை இல்லை. “முட்டை எங்கம்மா?” என்று கேட்டார். “ஒன் நெஞ்சு அங்கனயே சரியாத்தாம்லே இருந்துச்சாம்” என்று அம்மா சொன்னார்கள். அண்ணன் தம் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். தங்கள் பதில் வரும்வரை கையைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அவர் வாக்கைப் பற்றி ஏழாம் பத்தியில் எழுதியிருக்கிறேன்.

இனி கார்டிலேயே எழுதலாம்.

சாட்சிகள்:
ச. கோமதியம்மாள் (தாயார்), இடது கைப் பெருவிரல் ரேகை
பேச்சியம்மாள் (பச்சை குத்துபவர்), இடது கைப் பெருவிரல் ரேகை