கடையில் வாங்கிய ஸாத்தர்

அம்மான், மே 9

அன்புள்ள அம்மா,

போன வாரம் ஃபோனில், மாடியில் ஸாத்தர் இலை காயப் போட்டிருப்பதாக நீ சொன்னது பொய். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரை போடுகிறாரா? நான் நலம்.

நம் தெரு உம் நாயிஃப் மாமி கண் அறுவைக்காக எங்கள் மருத்துவமனைக்கு வந்திருக்கிறாள். நீ அவளிடம் கொடுத்தனுப்பிய ஸாத்தர் பொடியை ரொட்டியில் தொட்டு ஒரு வாய் தின்றேன். பழைய தூசி வாசம்.

"என்ன மாமி, கடைப்பொடி அனுப்பியிருக்கா? அம்மா சோம்பேறியாயிட்டாளா?" என்று சிரித்தேன்.

"மாடியே இல்ல, அவ எங்கடி காயப் போடுவா?" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாளே!"

அனுமதி இல்லாத வீடாம். பதினான்கு வருடம் மனுப் போட்டும் அனுமதி தராத நகராட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அவர்களே இடித்தால் அந்தக் கூலியும் நம் தலையில் என்று, அப்பாவே சுத்தியலைத் தூக்கி நம் வீட்டை இடித்தாராம்.

நான் அழவில்லை. அவளுக்குச் சொட்டு மருந்து விட்டேன்; கண்ணுக்குப் பதில் மூக்கில் விழுந்தது. "நல்ல நர்ஸுடி நீ!" என்று திட்டினாள்.

மீதிப் பொடி அப்படியே இருக்கிறது, தனியாகத் தின்ன இறங்கவில்லை. உன் தலைத்துணி ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்பு.

வெளியே அதிக வருடம் இருந்துவிட்டேன் என்று என் ஜெருசலேம் குடியிருப்பு அட்டையை ரத்து செய்துவிட்டார்கள். வந்து பார்க்க வழியில்லை. இன்று காலை ஃபோனில் வீட்டைப் பற்றிக் கேட்டேன். கோழிக்குத் தீனி வைக்கணும் என்று ஃபோனை வைத்துவிட்டாய்.

வார்டில் கூப்பிடுகிறார்கள். உன் மகள் அபீர் கேட்கிறேன், நீங்கள் இருவரும் எங்கே படுத்துத் தூங்குகிறீர்கள்?