சாய்தளத்தில் எடுத்த போட்டோ

வியாழன், இரவு.

கீழ்க்கட்டளை அரசு ஆபீசுக்குச் சாய்தளம் வேண்டும் என்று, நான் நிருபராக இருக்கும் பேப்பரில் மூன்று தடவை எழுதினேன். இன்று திறந்தார்கள். சுவர் மாதிரி செங்குத்தாகக் கட்டியிருக்கிறார்கள். பாதியிலேயே என் வீல்சேர் பின்னால் வழுக்கியது. இரண்டு பேர் பிடித்துத் தள்ளித்தான் மேலே போனேன்.

அப்படித் தள்ளும்போது நடுவில் நிறுத்தச் சொல்லி அதிகாரி, "மேடம், அவங்க ரெண்டு பேரும் ஒதுங்கிக்கட்டும். நீங்க சக்கரத்துல கை வச்சுக்கங்க, ஒரு போட்டோ" என்றார். பிரேக்கைப் போட்டுவிட்டுக் கை வைத்தேன். புடவைத் தலைப்பு பிரேக்கை மறைத்துவிட்டது. சிரிக்கவும் செய்தேன். ஊரையெல்லாம் கேமரா முன்னால் சிரிக்கச் சொல்லிச் சொல்லி எனக்கும் அது பழக்கமாகிவிட்டது.

சாயங்காலமே எங்கள் பேப்பர் இணையதளத்தில் படம் வந்துவிட்டது. செங்குத்து என்று நான் எழுதிய வரியை, நல்ல செய்தியில் குறை எதற்கு என்று எடுத்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு அனகாபுத்தூர் செல்வி போன் செய்தாள். அவளும் வீல்சேர்தான். பென்ஷன் விஷயமாக அந்த ஆபீசுக்குப் போக, ஒவ்வொரு தடவையும் அவள் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து தூக்க வேண்டும்.

"அக்கா, போட்டோ பார்த்தேன். இனிமே அண்ணனைக் கெஞ்ச வேணாம். நாளைக்கு நானே ஆட்டோல போறேன்."

அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். "பார்த்துப் போ" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன். அவள் கிளம்புவதற்குள் கூப்பிட்டு, போகாதே என்று சொல்லிவிடலாம். அப்போ ஏன்க்கா சிரிச்சீங்க என்று கேட்பாள்.