அதே தெருவில் டாக்டர்

அன்புத் தங்கச்சிக்கு,

சலாம். உன் மூத்தவள் சுமையாவின் நிக்காஹ் வேலைகள் நல்லபடியாக நடக்கின்றன. பந்தலுக்கும் சமையலுக்கும் சொல்லியாகிவிட்டது.

என்னிடம் நீ விட்டுப்போன சின்னவள் சப்ரீனைப் பற்றி எழுதத்தான் தயக்கமாக இருக்கிறது. பரீட்சை என்றாலே நெஞ்சு படபடத்துக் கை நடுங்கியவள், டாக்டரிடம் போன பிறகுதான் ஒழுங்காகப் பள்ளிக்குப் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் ராஜபாளையத்து மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். இப்போது சுமையாவுக்கு அமைந்த சம்பந்தமும் அதே தெருவில். துபாயிலிருந்து நீ போனில் சொன்னபடி, மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படக் கூடாதென்று அங்கே போவதையும் மாத்திரையையும் நிறுத்திவிட்டோம்.

என் வகுப்புக்கு மாவுக்கட்டோடு வந்த பிள்ளையிடம், இன்ஸ்பெக்‌ஷன் நடக்கிறது, கட்டைப் பிரித்துவிட்டு நட என்று நான் சொன்னதில்லை.

அவளுடைய பள்ளிப் பை மூலையில் கிடக்கிறது. நேற்று, "நிக்காஹ் முடியட்டும், மறுபடி டாக்டர்ட்ட போவோம்" என்றேன்.

"பொறவும் மாப்பிள்ள வீட்டுக்காரவிய அந்தத் தெருவுலதான பெரியம்மா இருப்பாக?" என்றாள்.

நீ வரும்போது அவள் வாசலுக்கு ஓடி வருவாள் என்று நினைக்காதே. அறைக் கதவைத் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நில். நான் தினமும் அப்படித்தான் நிற்கிறேன்.

உன் அக்கா