இத்தாக் காலத்துக் கண்ணாடிக் கதவு

என் உயிரான வாப்பாவுக்கு,

ஆண்கள் ஜும்ஆ முடிந்ததும் மையவாடிக்கு வந்து, உங்களை அடக்கிய இடத்தில் நின்று சலாம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பெண்பிள்ளைகளுக்கு அந்த வழி இல்லை. அதனால் என் சலாமை இந்தக் கடதாசியில் வைக்கிறேன்.

நீங்கள் முதலில் கேட்கக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உம்மா சுகமாக இருக்கிறார். உங்களுக்குப் பிறகு, பிற ஆண்கள் கண்ணில் படாமல் அவர் இருந்த இத்தா நேற்றோடு முடிந்தது. நாலு மாதமும் பத்து நாளும் அவர் முன்ஹாலுக்கு ஒரு தரம்கூட வரவில்லை; நடுவறை, குசினி, பின்முற்றம், அவ்வளவுதான். தெல்தெனியவில் என் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நான் அவரோடு இருக்க வந்தேன். என் மாப்பிள்ளை முகம் சுளிக்காமல் அனுப்பிவைத்தார் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது உங்கள் கதவு. அது இன்னும் இருக்கிறது வாப்பா. ஆனால் அதைக் காப்பாற்ற நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஹந்தானையில் ஒரு துரையின் பங்களாவைப் பிரித்தபோது நீங்கள் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த இரட்டைக் கதவு அல்லவா அது? ஹாலுக்கும் நடுவறைக்கும் இடையில் நிறுத்திப் பார்த்தால் நிலையைவிட நாலு விரல் உயரம். அடியில் அறுத்தீர்கள். ஒரு பக்கம் கூடுதலாக அறுபட்டுக் குட்டையாகிவிட, கீழே ஒரு மரத்துண்டை வைத்து ஆணி அடித்தீர்கள். "வெளிச்சத்துக்குத்தானே கதவு, அழகுக்கா?" என்று நீங்களே உங்களுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டீர்கள். சொன்னதிலும் பிழையில்லை. ஜன்னலே இல்லாத நடுவறைக்குப் பகல் என்று ஒன்று வந்தது அந்தப் பன்னிரண்டு கண்ணாடிகளால்தான்.

நீங்கள் மௌத்தான மூன்றாம் நாள் மாமா அந்தக் கதவின் முன்னால் வந்து நின்றார். தங்கையான உம்மாவின் மேல் அவருக்கு உயிர். ஆனால் பாசத்தைக்கூட அதட்டித்தானே காட்டுவார்?

"ஹால்ல நாலு ஆம்புளைகள் வந்து போறாங்க. இத்தாவுல இருக்கிற பொம்புளைய கண்ணாடிக்குப் பொறகால வெச்சிருக்க ஏலுமா? இதக் கழட்டிட்டு பலாப் பலகைக் கதவு போடுவம்" என்றார்.

பலகை வரும்வரைக்கும் என்று, உங்கள் கடையிலிருந்தே தடித்த துணி கொண்டுவந்து கண்ணாடிகளை மூடி ஆணி அடித்தார். நடுவறை பட்டப்பகலில் இருண்டுபோயிற்று. உம்மா அந்த இருட்டுக்குள் பாயில் உட்கார்ந்திருந்தார். கேட்டால் மட்டும் "ம்" என்பார். உங்களைப் பறிகொடுத்த மனுசியிடமிருந்து வெளிச்சத்தையும் பறிக்கிறோமே என்று எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆனால் மாமாவை எதிர்த்துப் பேச எனக்கு எங்கே வாய் இருக்கிறது?

அளவெடுக்கக் கெலிஓயாவிலிருந்து தச்சு பாஸ் வந்தார். நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைக் குருடாக்க வழி இல்லையா என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? ஆத்து மணல நல்லா அரிச்சு, தண்ணி ஊத்தி, இன்னொரு கண்ணாடித் துண்டால தேச்சுக்கிட்டே இருங்க. பால் நெறத்துக்கு வந்துரும். வெளிச்சம் வரும், ஆள் தெரியாது" என்றார் அவர்.

கூட நின்ற மாமா தாடியைத் தடவினார். பிறகு, "நாப்பதாம் நாள் கத்தம் ஓதுற வரைக்கும் பாப்பம். சரிவரல்லயெண்டா பலகைதான்" என்றார். பாஸ் கண்ணாடிகளைக் கழற்றிப் பின்முற்றத்தில் அடுக்கிவிட்டுப் போனார்.

முதல் கண்ணாடியிலேயே நான் விரலைக் கிழித்துக்கொண்டேன். இரத்தத்தைப் பார்த்துக் கத்தியபோது உம்மா வெளியே வந்தார்.

"மொளகாயா அரைக்கிற? இவ்வளவு அழுத்தினா ஒடைஞ்சிரும். எடு கைய."

அத்தனை நாளில் அவர் முழுதாகப் பேசியது அதுதான். ஈரச்சாக்கை விரித்து உட்கார்ந்து, வட்டம் வட்டமாக, மெதுவாகத் தேய்த்தார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் விடியலில் சுபஹு தொழுத கையோடு வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டையும் அவரே முடித்தார். பாஸ் திரும்பி வந்து அவற்றைப் பொருத்தியபோது நடுவறையில் மோர் நிறத்தில் வெளிச்சம் பரவியது. பகலில் ஹாலில் நின்று மாமாவும் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அப்போது எனக்கு வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பகலில் மட்டும் பார்த்ததுதான் எங்கள் மடத்தனம். நாற்பதாம் நாள் பொழுது சாய்ந்து மஃரிபு தொழுத பிறகு ஹால் நிறைய ஆண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே பெண்கள் நாங்கள் பெரிய விளக்கை ஏற்றி நடுவில் வைத்திருந்தோம். திடீரென்று ஓதும் சத்தம் தடுமாறிற்று. மாமா இருமினார், இன்னும் பலமாக இருமினார். கதவைப் பார்த்தேன். விளக்குக்கும் கண்ணாடிக்கும் இடையில் இருந்த எங்கள் எல்லோருடைய நிழலும், முக்காட்டைச் சரிசெய்யும் கைகூட, அந்தப் பக்கம் படம் படமாக விழுந்துகொண்டிருந்தது!

விளக்கைத் தூக்கிக் கதவு இடுக்கால் ஹாலுக்குள் தள்ளிவிட்டேன். எங்கள் பக்கம் இருண்டது. இப்போது அவர்களுடைய நிழல்கள் எங்களிடம் வந்தன. துருக்கித் தொப்பியைக் கழற்றி அவசரமாகத் தலையைச் சொறிந்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் மறுபடி போட்டுக்கொண்டது மாமாவின் நிழல். என் பக்கத்தில் ஏதோ குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து திரும்பினேன். உம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மாமா வந்து, "நான் அண்டைக்கே சொன்னேன், பலகைதான் சரி" என்று தொடங்கினார். அவர் முடிக்கவில்லை.

"காக்கா," என்று தன் அண்ணனைக் கூப்பிட்டார் உம்மா, உள்ளே இருந்தபடியே. "விளக்க அங்குட்டு வைங்க. கதவ இங்குட்டு விடுங்க."

மாமா வந்த வழியே திரும்பினார். பலாப் பலகைகளை அவருடைய வீட்டுக்கே கொண்டுபோய் ஒரு அலுமாரி செய்துகொண்டாராம்.

நேற்று இத்தா முடிந்ததும், பாஸைக் கூப்பிட்டுப் பழையபடி தெளிந்த கண்ணாடி போடலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"உள்ளுக்க இருந்து துணி தச்சுக்கிட்டே வாப்பாவப் பாப்பேன், மகள். கடையால வந்து, பேப்பர விரிச்சு மூஞ்சில போட்டுக்கிட்டு, ஹால் கதிரையிலயே தூங்கிருவாரு. இனி யாரப் பாக்க?"

வெளிச்சத்துக்கான கதவு என்றுதான் இத்தனை வருடமும் நான் நம்பியிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியுமா வாப்பா? அதற்காகத்தான் அறுத்தும் ஒட்டியும் அதை அந்த இடத்தில் பொருத்தினீர்களா?

இன்று காலை பாஸ் வந்தார். உம்மா பாயில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே வரும் ஒரேயொரு கண்ணாடியை மட்டும் தெளிந்ததாக மாற்றச் சொன்னேன். உம்மா பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

நாளை மறுநாள் நான் தெல்தெனியவுக்குப் போகிறேன். ஆனால் மாதத்தில் இரண்டு ஜும்ஆ நாளாவது வருவேன். வந்ததும் உள்ளே ஓடமாட்டேன் வாப்பா. உங்கள் கதிரையில் போய் உட்கார்ந்து, பேப்பரை விரித்து முகத்தில் போட்டுக்கொண்டு, உம்மா பார்த்து முடிக்கும்வரை அசையாமல் இருப்பேன், இன்ஷா அல்லாஹ்.

உங்களுக்குப் பதிலாக அல்ல, உங்கள் இடத்தில் இருக்கப்போகும்
உங்கள் மகள்,
ஸெயினம்பு