முடிவு முதல் வரியில்

மார்ச் 4, 2024, பாக்கார் ஆராங்

தேவகி அழைத்தார். என் மனைவி உமாராணி ஓய்வுபெறும்வரை அவரோடு கல்லூரியில் பணியாற்றியவள். உமாவின் கடைசிக் கட்டுரை அலோர் ஸ்டார் மாநாட்டு மலரில் இடம்பெற வேண்டுமானால், வெள்ளிக்குள் ஆய்வுச் சுருக்கம் வேண்டுமாம். கட்டுரையை முடித்தவள், சுருக்கத்தை எழுதாமலே கண்மூடிவிட்டாள்.

“நானே எழுதிருவேன் அண்ணே. நீங்க எழுதினா அக்காவுக்குப் பொருத்தமா இருக்கும்.”

முப்பதாண்டு மேடை கண்டவனுக்கு இருநூறு சொல் எம்மாத்திரம்? ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 5

தலைப்பை வைத்தே எழுதி அனுப்பினேன். மாலையில் தேவகி சிரித்தார்.

“‘அறிவார்ந்த அவையோரே’ன்னு தொடங்கியிருக்கீங்க. இது செராமாப் பேச்சு மேடை இல்லலா அண்ணே. முடிவு எங்க?”

“இறுதி வரியில் வைத்திருக்கிறேன்.”

“முதல்லயே சொல்லணும்.”

“முதலிலேயே சொல்லிவிட்டால் எவர் அமர்ந்து கேட்பார்?”

“யாரும் உட்காரப் போறதில்ல. ரெண்டு வரி பார்த்துட்டுப் போயிருவாங்க. அதுக்குள்ள அக்கா சொன்னது தெரியணும்.”

மார்ச் 6

முடிவை அறியக் கட்டுரையை முழுதும் படித்தேன். ரப்பர்த் தோட்டம் மூடப்பட்டு நகரத்து வரிசை வீடுகளுக்குக் குடிவந்த பெண்களிடம் உமா கேட்டது ஒன்றே: பகலில் யாரோடு பேசுகிறீர்கள்?

சுங்கை லாலாங் தோட்டத்திலிருந்து வந்த செல்லாயி சொல்கிறார்: “தோட்டத்து லயத்து வீட்டுல சண்டை போடவாச்சும் ஆள் இருந்துச்சு. இங்க டிவிதான் பேசுது. சாயங்காலம் அவரு வந்தா, அவரு பேசுவாரு.”

மூடிவைத்தேன்.

மார்ச் 7

ஒரு வரியும் அமையவில்லை. நண்பகலில் தேவகி அழைத்தபோது குரல் எழவில்லை. காலைமுதல் வாய் திறந்திருக்கவில்லை.

“உடம்பு சரியில்லையா அண்ணே?”

உடம்புக்கென்ன. இவ்வீட்டின் பகல் இத்தனை நீளமா? உமா அறிந்திருந்தாளா? தெரிஞ்சுதான் ஊரெல்லாம் போய்க் கேட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை—

மார்ச் 8

அனுப்பிவிட்டேன். முதல் வரி: “தோட்டத்தை விட்டு நகருக்கு வந்த பெண்கள் முதலில் இழந்தது, பகலில் தம் பேச்சைக் கேட்க ஒருவரை.” அடைமொழி ஒன்றுமில்லை.

“சரியா இருக்கு அண்ணே” என்று எழுதியிருந்தார் தேவகி.

மே 18, அலோர் ஸ்டார்

உமாவின் கட்டுரையை வழங்க எனக்குப் பதினைந்து நிமிடம் தந்தார்கள். தலைவர் என்னைச் சொல்வேந்தர் என்றார். கைதட்டல். அவள் பெயரைச் சொன்னேன், சுருக்கத்தை வாசித்தேன், இறங்கிவிட்டேன். நான் இன்னும் தொடங்கவில்லை என்று எண்ணி அவை காத்திருந்தது.

உணவு மேசையில் அருகிலிருந்த அம்மையார் கேட்டார்: “அவங்க உங்க வீட்டுக்காரம்மாவா?”

ஆம் என்றேன். அவர் தம் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். உணவு இடைவேளை முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.