மறுபரிசோதனை தேவையில்லை

அம்மாடி,

அப்பா எழுதுகிறேன். இங்கு யாவரும் நலம், அங்கு உன் நலமறிய ஆவல் என்று ஆரம்பித்துத்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு முதல் பாதியை எழுதப் போனால் கை நின்றுவிடுகிறது, அதனால் பின் பாதியை மட்டும் எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாயா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் நின்றதா. போனில் பேசினால் ஆகாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இருப்பது இரண்டு அறை, நான் ஹலோ என்றாலே உன் அம்மா சமையலறையிலிருந்து யாருங்க அது என்பாள். டிப்போவில் பேசலாம் என்றால் சுற்றி நாலு டிரைவர்கள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதோடு, உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன். உண்மை அதுதான்.

அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று ஆபரேஷன் செய்தபோது நீ வந்து கூட இருந்தாய், எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று டாக்டர் சொன்ன தைரியத்தில்தான் திரும்பிப் போனாய். நீ போனதற்கப்புறம் அவளுக்கு வலது கை வீங்க ஆரம்பித்தது, வளையல் ஏறவில்லை, போகப் போக விரலையே மடக்க முடியவில்லை. முடி கொட்டியதற்கெல்லாம் அவள் கலங்கவில்லை, சீப்பு எண்ணெய் எல்லாம் மிச்சம் என்று சிரித்தாள். கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை என்றதும்தான் முகம் செத்துப்போயிற்று. அவள் வேலை பார்க்கும் சீருடை தைக்கிற கம்பெனியில் இவ்வளவு நாள் அவள் மிஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள், போன மாதம் சூப்பர்வைசரம்மா வீட்டுக்கே வந்து, என்னால இதுக்கு மேல சமாளிக்க முடியலக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நமக்கு இருந்த ஒரே வழி, நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகைதான். தொகைகூட அப்புறம், அதற்குக் கொடுக்கும் அட்டை இருந்தால்தான் அம்மாவுக்குப் போடும் ஊசி இலவசம். ஊசியை இடையில் விடக்கூடாது என்று ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார், சொந்தமாக வாங்கிப் போடுவதென்றால் என் சம்பளம் எந்த மூலைக்கு.

அட்டைக்காக முதல் தடவை போன கதையை உன்னிடம் மறைத்துவிட்டோம். இப்போது கேள். வேலை செய்ய முடியுமா முடியாதா என்று பார்த்துச் சொல்ல ஒரு டாக்டரை உட்கார வைத்திருக்கிறார்கள், வெளியே நீள வராந்தா, பெஞ்சு நிறைய ஜனம். பெயர் கூப்பிடுகிற பெண் அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தாள், பாவம், அவள் கோட்டுக் கையில் தையல் விட்டுத் தொங்கியது. நான் தண்ணீர் பிடித்துவரப் போன நேரத்தில் உன் அம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, கழட்டிக் குடு கண்ணு, இப்படியேவா நாள் பூரா அலைவே என்று கோட்டை வாங்கி மடியில் போட்டுத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். பையில் ஊசியும் நூலும் இல்லாமல் அவள் வாசல்படி தாண்டமாட்டாள் என்பது உனக்குத் தெரியாததா. ஊசி இரண்டு தரம் கையை விட்டு நழுவியதாம், பல்லைக் கடித்துக்கொண்டு முடித்திருக்கிறாள். நான் வரும்போது அந்த டாக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், சிரித்துக்கொண்டு வேறு. உள்ளே போனதும் கை எப்படிம்மா இருக்கு என்று அவர் கேட்க, இந்த மகராசி, உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேங்க என்கிறாள். அப்புறம் என்ன, நுணுக்கமான கைவேலை செய்ய முடிகிறது, உதவிக்குத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டியேடி என்று பஸ்ஸில் வரும்போதே கத்தினேன், கண்டக்டர் தெரிந்த பையன், அவனே திரும்பிப் பார்த்தான். அந்தப் பொண்ணு கோட்டுக் கை கிழிஞ்சு நின்னுது, பாத்துக்கிட்டு எப்படிங்க சும்மா இருக்கறது என்று ஒரே பதில். வீட்டுக்கு வந்து காபி டம்ளரை எடுக்கப் போனாள், முடியவில்லை, கீழே போட்டாள். நான் துடைத்தேன். அதற்கப்புறம் எனக்குக் கோபம் வரவில்லை.

மறுபடி மனுப் போட்டோம். உன் மாமா இருக்கிறானே, விவரம் தெரிந்தவன் மாதிரி வந்து உட்கார்ந்து, அக்கா இந்தத் தடவை நீ நடிச்சாத்தான் ஆகும், கையைத் தொங்கப் போட்டுக்கோ, கேள்வி கேட்டா முனகு என்று பாடம் நடத்தினான். அவனே முனகியும் காட்டினான், பிரசவ வலி கெட்டது போ. உன் அம்மா தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அப்படிச் சிரித்தாள். சிரித்துவிட்டு, இடுப்பு வலிக்குதுடா, சிரிக்க வைக்காதே என்றாள். அந்த இடுப்பு வலி கொஞ்ச நாளாகவே இருந்தது, உட்கார்ந்து எழுந்தால் முகத்தைச் சுளிப்பாள். பெரிய டாக்டரிடம் சொன்னோம், உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். என்ன வந்திருக்கிறது என்று எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, ரிப்போர்ட் நேராக அட்டை கொடுக்கும் ஆபீசுக்கும் போய்விடும் என்றார்கள், சரி என்று வந்துவிட்டோம்.

புதன்கிழமை கூப்பிட்டார்கள். வழி நெடுக நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், நல்லா இருக்கேன்னு வாயைத் திறந்தே, தொலைச்சிடுவேன் என்று. அதே டாக்டர்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார் அம்மாடி. தானே நாற்காலியை இழுத்துப் போட்டு, மெதுவா உட்காருங்கம்மா என்றார். கையைத் தூக்கச் சொல்லவில்லை, விரலை மடக்கச் சொல்லவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிள்ளைங்க எத்தனை பேர் என்றார். ஒரே பொண்ணு, தூரத்துல இருக்கா என்றாள். வந்து பார்த்துட்டுப் போவாங்களா என்றார். அவளுக்கு வேலைங்க, லீவு கிடைக்கிறது கஷ்டம் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான், தகுதி உண்டு என்றாகிவிட்டது. வெளியே வந்தால் அந்தக் கோட்டுக்காரப் பெண் தாளை வாங்கிப் பார்த்து, உங்களுக்கு அதிர்ஷ்டம்மா, மத்தவங்க எல்லாம் வருஷா வருஷம் வந்து நிக்கணும், உங்களுக்கு மறுபரிசோதனை தேவையில்லைன்னே போட்டுட்டாரு என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். நான் படித்தவன் இல்லை, ஆனால் இத்தனை வருஷம் பஸ் ஓட்டியவன். வண்டிகளை வருஷா வருஷம் எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்துவோம், பிரேக், டயர், விளக்கு எல்லாம் பார்த்து இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று முத்திரை போடுவார்கள். இனிமேல் கொண்டுவர வேண்டாம் என்று எந்த வண்டிக்குச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். கிடைக்கவேண்டுமே கிடைக்கவேண்டுமே என்று வேண்டாத நாளில்லை, கிடைத்த நிமிஷத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றிருக்கிறது. அவளுக்கு ஒன்றும் இல்லை, வேலை செய்யலாம், போங்கள் என்று யாராவது விரட்டினால் அவர் காலில் விழுவேன். பெரிய டாக்டர் வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார். போன் செய்த நர்ஸ், கூட இன்னும் யாராவது சொந்தக்காரங்க வந்தா நல்லது என்று தனியாக ஒரு வார்த்தை சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பயமாக இருக்கிறது கண்ணு. ஜனத்தை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டத் துணிச்சல் இல்லை, இரண்டு நாளாக லீவு போட்டுவிட்டு, டியூட்டிக்குப் போகிறேன் என்று கிளம்பிப்போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், எனக்குக் கிடைச்சிடுச்சு, ஒரு கேள்விகூட கேக்கல என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். கம்பெனிக்குப் போன் செய்து என் மிஷினை யாருக்காவது குடுத்துடுங்க என்றும் சந்தோஷமாகத்தான் சொன்னாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, அந்த மட்டும் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வந்து எதிரில் உட்கார்ந்தாள். உதவித்தொகை ஆபீசுக்கு எழுதுகிறேன் என்று சொல்லித் தாளைக் கையால் மூடினேன். பேனா மூடியை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அப்புறம், அவளை வரச் சொல்லி எழுதுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வரட்டும், நான் கேட்டேன்னு மட்டும் எழுதாதீங்க, கொழந்த பயந்துடுவா என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

நான் எழுதிவிட்டேன். வந்துவிடு அம்மாடி. டிக்கெட் போட்டதும் டிப்போவுக்குப் போன் செய்து சொல், எனக்குத் தகவல் சொல்லிவிடுவார்கள், நான் வந்து நிற்கிறேன். வழியில் கண்டதைச் சாப்பிடாதே, பையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள். நீ நூறு வயது நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும், அதை மட்டும் நானும் அவளும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா