பாப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள்

மார்ச் 4
விடுப்பு முடிந்தது. நாளை மறுநாள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஓட்டல் சலவைக்கூடம் யாருக்காகவும் நிற்காது.

பாப்பாவை எப்படித் தனியே விட்டுப் போவேன்? கல்லூரிக்குப் போகிற வயதில் உயிரை விடத் துணிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தவள். டாக்டர் சொன்னபடி மாத்திரைகளைப் பூட்டி வைத்திருக்கிறேன். அவளைப் பூட்டி வைக்க முடியுமா? அவள் அப்பா இருந்திருந்தால் – வேண்டாம், எழுதி என்ன ஆகப்போகிறது.

தங்கச்சியைக் கேட்டேன். "மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்கக்கா. அரை நாள்னா வரேன், தினமும் எப்படிக்கா?" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

மார்ச் 5
தங்கச்சி பாப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போன நேரத்தில் கேமரா மாட்டுகிறவரை வரவழைத்தேன்.

"யாரைம்மா பிடிக்கணும்? வேலைக்காரங்களையா?"

திருட்டு பயம் என்றேன்.

ஒன்றைக் கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்குள் வைத்தார். ஜன்னலுக்கு எதிரே வைத்தால் முகம் கறுப்பாக விழுமாம். இன்னொன்று பார்ப்பதற்கு சார்ஜர் மாதிரியே இருக்கிறது. அதைப் பாப்பாவின் அறையில் செருகச் சொன்னேன்.

"அந்தக் குளியலறைக் கதவு தெரியணும். உள்ளே வேண்டாம், கதவு மட்டும். போனா எவ்வளவு நேரமாகுதுன்னு தெரியணும்."

ஸ்டூலில் நின்றபடியே திரும்பி என்னைப் பார்த்தார். போகும்போது, "படம் நின்னுபோச்சுன்னா உடனே பதறாதீங்க. பாதி நேரம் இன்டர்நெட்டாத்தான் இருக்கும்" என்றார்.

மார்ச் 6
வேலையிடத்தில் போனைத் திறந்தேன். தெரிகிறாள். போர்வை நுனியும் ஒரு காலும் தெரிகின்றன. கால் அசைந்தது. போதும்.

மார்ச் 9
வேலை நேரத்தில் போன் கூடாது. துணி வண்டியில் அழுக்குத் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்துக் குனிந்து குனிந்து பார்க்கிறேன். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற அக்கா, "என்னடி, இந்த வயசுல யாரு மெசேஜ் அனுப்புறான்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விரிப்பு கோணலாக இஸ்திரி உருளைக்குள் போய்விட்டது. திரும்பத் தேய்த்தோம்.

மார்ச் 12
"சாப்டியா?"
"சாப்டேன்."

மதியம் தட்டோடு எழுந்து போய்க் குப்பைத்தொட்டியில் கொட்டியதைப் போனில் பார்த்தேன். கேட்க முடியுமா? கேட்டால் எப்படித் தெரியும் என்பாள். தலையாட்டினேன். அவள் சொன்னது ஒரு பொய். நான் இந்த வீட்டில் மூலைக்கு ஒன்றாக மாட்டி வைத்திருக்கிறேன்.

மார்ச் 14
நாளெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். நாளெல்லாம் நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படியே எத்தனை நாள்? கடவுளே, பார்க்க மட்டும்தானா விட்டாய்?

மார்ச் 17


மதியம் படம் நின்றது. முதலில் அறை, பிறகு கூடம். இன்டர்நெட்தான், பதறாதே, பதறாதே – போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. விரிப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மேனேஜர் பின்னால் கத்தினார். பஸ் நெரிசலில் நின்றது. இறங்கி ஓடினேன். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு ஓடினேன். சாவி துவாரத்தில் சாவி நுழையவே மாட்டேன் என்கிறது.

கூடத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிடுங்கிப் போட்ட சார்ஜர். மடியில் கடிகாரம், முதுகு திறந்து கிடந்தது.

"திருடன் வருவான்னு வெச்சியா, நான் போயிடுவேன்னு வெச்சியா?"

உயிரோடு இருக்கிறாளே என்று கட்டிப்பிடித்திருக்க வேண்டும். என் வாய் கேட்டதா? "போனை ஏன்டி எடுக்கல? நீ செத்துப்போனா நான் என்னடி பண்ணுவேன்? எனக்கு யாரு இருக்கா?" அடித்தொண்டையில் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

அவள் கத்தவில்லை. "சாப்டியா, தூங்குனியா, மாத்திரை போட்டியா. இதைத்தானேம்மா கேக்கிற. உள்ளே எப்படி இருக்குன்னு ஒரு தடவை கேட்டியா? பார்த்துக்கிட்டேதான் இருக்க."

கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான்.

தரையில் அவள் எதிரே உட்கார்ந்து கேட்டேன். நிறுத்தாமல் பேசினாள். இருட்டும்வரை விளக்குப் போட நான் எழுந்திருக்கவில்லை. அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

மார்ச் 18
வேலைக்குப் போகவில்லை. இருவரும் டாக்டரிடம் போனோம். கேமரா விஷயத்தை நானே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. பாப்பாவைப் பார்த்து, "உனக்கு என்ன வேணும்னு நீ சொல்லு" என்றார்.

"ரூம்ல வேண்டாம்."

அப்புறம் அவளே, "கூடத்துல ஒண்ணு இருக்கட்டும். மறைக்காம. சில நேரம் எனக்கே என்னை நினைச்சா பயமா இருக்கு" என்றாள்.

நான் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். டாக்டரோ நல்ல செய்தி கேட்டவர் மாதிரி மெல்லத் தலையசைத்தார்.

மார்ச் 20
"இனிமே அப்படிப் பண்ண மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் கேக்காதம்மா. முடியலன்னா உன்னைக் கூப்பிடுறேன். அதுதான் சொல்ல முடியும்."

அதை வைத்துக்கொண்டு எப்படி நாளைக் கடத்துவது? வேறு என்ன இருக்கிறது என் கையில்?

மேனேஜரிடம் நடந்ததைச் சொல்லி அழுதேன். போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள விட்டிருக்கிறார். வேலை போகவில்லை.

மார்ச் 26
கூப்பிடவில்லை. நல்லதா கெட்டதா தெரியவில்லை. கேமராவைத் திறந்து திறந்து பார்த்தேன்.

ஏப்ரல் 8
உருளையில் விரிப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா. இன்னிக்கு முடியல. வரியா?"

அக்கா என் முகத்தைப் பார்த்து என் முனையையும் தானே வாங்கிக்கொண்டாள். "போ."

"வரேன், வைக்காத" என்றேன். அவள் வைக்கவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவள் மூச்சு மட்டும் கேட்டது. நான் வாசலுக்கு வருமுன்பே கதவைத் திறந்து வைத்திருந்தாள்.